அளவு ஜாக்கெட்

நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் வந்தது. வெள்ளிமலைக்குக் கொஞ்சம் தள்ளி, மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளிக்கூடம். கணக்கு டீச்சர் வேலை. அங்கேயே தங்கிக்கொள்ள வேண்டும். சாப்பாடு அவர்களே போட்டுவிடுவார்கள். பேசிய பெண் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "வியாழக்கிழமை பத்தரைக்கு வந்துடுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கொண்டாந்துடுங்க. அப்புறம், புடவையிலதான் வரணும்" என்றாள். மற்றதெல்லாம் என்னிடம் இருந்தது. புடவைதான் இல்லை.

அந்த வேலை எனக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின ஐப்பசியில் என் அக்கா செத்துப்போனாள். மஞ்சள் காமாலை முற்றி, கிட்டத்தட்ட இரண்டு மாதம் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்து, திரும்பி வரவில்லை. அவளுக்கு இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. சித்திரை பிறந்ததும் மாமா வீட்டார் எலவனாசூர்கோட்டையிலிருந்து தட்டு வைக்காத குறையாக வந்து உட்கார்ந்து, குழந்தைக்கு வேறு யாரோ வந்து தாயாவதைவிடச் சித்தியே வந்தால் நல்லது என்றார்கள். மாமா கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் முடியாது என்று சொல்வது சுலபம்.

நான் அழுதேன், கத்தினேன், இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்தேன். கடைசியில் அப்பா இறங்கி வந்தார். "வேல கெடச்சா போ. ரெண்டு வருஷம் இந்தப் பேச்ச எடுக்க மாட்டேன். கெடைக்கலன்னா வர ஆவணியில முடிச்சுடலாம்" என்றார். அப்பா சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை, இரண்டு பக்கத்துக்கும். கள்ளக்குறிச்சியில் இரண்டு பள்ளிக்கூடங்களுக்குச் சுடிதாரிலேயே போய் வந்தேன், இரண்டும் கைகூடவில்லை. மலைமேல் இருந்தது மூன்றாவது. அதற்கு மேல் வேறு எங்கிருந்தும் கூப்பிடவில்லை.

புதன்கிழமை காலையில் வீட்டில் இருக்கிற துணியெல்லாம் கூடத்தில் பரப்பினேன். ஐந்து சுடிதார், அவற்றைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. கல்லூரிக் கடைசி நாள் விழாவுக்குக் கட்டிய நீலப் புடவை ஒன்று இருந்தது. வலைத்துணி, உடம்பெல்லாம் ஜிகினா. அதைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருவேன் என்றால் எந்தப் பைத்தியமும் நம்பாது. அம்மாவின் பட்டு இரண்டு இருந்தன. ஒன்றை மேலே போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொண்டுபோகிறவள் மாதிரி இருந்தது. உடனே மடித்துவைத்துவிட்டேன். அம்மாவின் நூல் புடவைகளெல்லாம் கரும்புக் கொல்லைக்குக் கட்டிப் போய்ப் போய்ச் சாயம் போனவை.

புதிதாக எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கச்சிராயபாளையத்துக்குப் போனால் புடவை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். ஜாக்கெட்டை யார் தைத்துத் தருவார்கள்? வைகாசி, முகூர்த்த மாதம். எந்த டெய்லரைக் கேட்டாலும் பத்து நாள் என்பார்கள். எனக்கு இருந்தது ஒரு நாள். என்னிடம் இருந்த ஒரே புடவை ஜாக்கெட் அந்த ஜிகினாப் புடவைக்கு உரியது, கையெல்லாம் வலை.

"பக்கத்து வூட்டு அக்காகிட்ட ஒரு செட்டு கேக்கட்டுமா?" என்றேன்.

"வேலைக்கிப் போறவ இரவல்லயா போவ?" என்றாள் அம்மா. அப்படிச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்க்கவில்லை. உள்ளறைப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில், பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். அவள் பேருக்கு ஒரு புதுப்புடவை எடுத்து, ஜாக்கெட், மஞ்சள், குங்குமம், வளையலோடு படைத்து, ஒரு புது மூங்கில் கூடையில் மூடிவைத்து, தரையில் படாமல் உயரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்த வருஷம் வேறு புடவை வைத்த பிறகுதான் பழையதை எடுப்பார்கள். எடுத்ததை வீட்டுப் பெண்களில் ஒருத்தி கட்டிக்கொள்ளலாம். முறைப்படி அக்காவுக்கு அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில்தான் படைக்க வேண்டும். அவர்களும் செய்தார்கள். அம்மாவுக்கு அது போதவில்லை. தையில் எங்கள் வீட்டிலும் ஒரு கூடை ஏறிவிட்டது.

உள்ளறையில் மின்விசிறி மாட்டுவதற்காகக் கூரையில் ஒரு கொக்கி விட்டிருந்தார்கள். கூடையை அதில்தான் கட்டியிருந்தார்கள். அதனால் அந்த அறைக்கு மேஜை விசிறிதான். தை மாதத்திலிருந்து நான் அங்கே படுப்பதை நிறுத்திவிட்டேன். பயம் என்று யாரிடமும் சொல்லவில்லை, புழுக்கம் என்று சொன்னேன். படிக்க உட்கார்ந்தால் தலைக்கு மேலே அது இருப்பது உறைத்துக்கொண்டே இருக்கும். ஜன்னல் சாத்தியிருக்கிற நாளிலும் லேசாக ஒரு பக்கம் திரும்பி நிற்கும். மறுநாள் பார்த்தால் இன்னொரு பக்கம் திரும்பி நிற்கும். கயிறு முறுக்கு விடுகிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

"வருஷம் திரும்பலியேம்மா" என்றேன்.

"கேட்டுப் பாப்போம். குடுத்தா குடுக்கறா" என்றாள்.

தோட்டத்திலிருந்து ஒரு செம்பருத்தி பறித்து வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, கூடையின் மூடி விளிம்பில் அதை நிற்க வைத்தாள். கீழே இறங்கி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். ஏதோ அடுப்படியில் இருக்கிறவளிடம் பேசுகிற குரலில்தான் கேட்டாள். "சின்னவ வேலைக்கிப் போவுதும்மா. ஒம் பொடவையத்தான் குடுக்கலாம்னு கீறேன். சரின்னா பூவத் தள்ளு. வேணாம்னா வெச்சுக்கோ."

நாங்கள் நின்றோம். வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். பூ அப்படியே இருந்தது. போதும் என்று நான் திரும்பப் போனபோது அது விழுந்தது. நேராக விழவில்லை. கொஞ்சம் தள்ளி, என் கால் பெருவிரலை ஒட்டி வந்து விழுந்தது. மேஜை விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அதன் காற்றில்தான் விழுந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். காலையிலிருந்து கரண்டே இல்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். இரண்டில் ஒன்றுதானே நடந்திருக்க முடியும்? எனக்கு அந்த விசிறியின் சத்தம் நினைவிருக்கிறதா என்று யோசித்தால், நினைவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் அம்மா கூடையை இறக்கினாள். மூடியைத் திறந்ததும் காய்ந்த சாமந்தியும் கற்பூரமும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. இளம்பச்சை நூல் புடவை, ஒரு விரல் அகலத்துக்கு மெரூன் கரை. நான் அதை அதுவரை சரியாகப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு என்றே நெய்த மாதிரி அடக்கமாக இருந்தது. அது அழகாக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

ஜாக்கெட்டைப் பற்றி எனக்கு வேறொரு கவலை இருந்தது. அக்கா நல்ல சதைப்பிடிப்பு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் ஜாக்கெட்டில் அவள் ஒரு கையைக்கூட நுழைக்க முடியாது. அவளுடையதை நான் போட்டால் என்னைப் போல இன்னொருத்தியையும் உள்ளே வைத்துக்கொள்ளலாம். அவளுக்குப் படைத்தது அவள் அளவில்தானே இருக்கும், உள்பக்கம் பிடித்து ஊக்குக் குத்திக்கொள்ளலாம் என்று நாலு ஊக்கு எடுத்து வைத்துக்கொண்டேன்.

கையை நுழைத்தேன். கொக்கிகளை மாட்டினேன். தோள் தோளில் நின்றது. கை, முழங்கைக்கு மேலே, டெய்லரிடம் நான் வழக்கமாகச் சொல்கிற இடத்தில் முடிந்தது. இடுப்புப் பட்டியில் ஒரு விரல் நுழைகிற இடம் மட்டும் இருந்தது. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்திருந்தால்கூட அவ்வளவு பொருந்தியிருக்காது. எடுத்து வைத்த நாலு ஊக்கும் கையில் அப்படியே இருந்தன.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது அம்மாவின் முகம். அவள் ஆச்சரியப்படவே இல்லை. சரியாக இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து கொசுவம் மடிக்க ஆரம்பித்தாள். கீழே நீவி நீவி விட்டாள். பிறகு என் இடுப்பைப் பிடித்து, "திரும்புடி பெரியவளே" என்றாள்.

பெரியவள் என்றால் அக்கா. நான் சின்னவள். இருபத்தைந்து வருஷத்தில் அம்மா ஒருமுறைகூட மாற்றிக் கூப்பிட்டதில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரியவும் இல்லை. நான் திரும்பினேன்.

மாமா குழந்தையை இரண்டு நாள் எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அது எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றது. என்னைப் பார்த்தால் "சித்தி" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் புடவையைப் பார்த்தது. மெதுவாக நடந்து வந்து முந்தானை நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. நான் பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை. கடைசியில் அம்மா பிஸ்கட்டைக் காட்டித்தான் விடுவிக்க முடிந்தது. நுனி நனைந்திருந்தது.

ஊரிலிருந்து டவுன் பஸ் பிடித்துக் கச்சிராயபாளையத்தில் இறங்கினேன். இறங்குகிற அவசரத்தில் எதிலோ மாட்டி ஜாக்கெட்டின் மேல் கொக்கி ஒன்று பிய்ந்து விழுந்தது. மலை பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருந்தது. எங்கள் வீட்டுத் துணியெல்லாம் தைக்கிற டெய்லரம்மா பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால்தான் இருக்கிறாள். வீடும் கடையும் ஒன்றே. கதவைத் தட்டினேன். பல்லைத் துலக்கிக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் வாயிலிருந்து பிரஷை எடுக்காமல் நின்றாள்.

"நீயா பாப்பா? இன்னா இந்தப் பொடவையில…" என்று இழுத்தாள். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து ஊசி நூலோடு குனிந்தாள். ஜாக்கெட்டின் உள் தையலைப் புரட்டிப் பார்த்து, "நான் தெச்சதுதான்" என்றாள்.

"தையில குடுத்தாங்களா அத்த?"

"தையா? இல்லியே. புரட்டாசி. எனக்கு நல்லா ஞாபகம் கீது. ஒங்கம்மா ஓட்டமா வந்தாங்க. புதுச்சேரிக்கித் திரும்பிப் போய்க்கினு இருந்தாங்க, பஸ்ஸு நின்னுக்கினு இருந்துச்சு. ஒன்னோட அந்த நீல ஜாக்கெட்ட அளவுக்குக் குடுத்து, இதே அளவுல தெய்யின்னாங்க."

"எனக்கா?"

"இல்ல. பெரியவளுக்குன்னாங்க." அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "பெரியவளுக்குச் சின்னவ அளவான்னு எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அவங்க மொகத்தப் பாத்துட்டு நான் ஒண்ணும் கேக்கல."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. நான் ஓடினேன்.

ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. உட்கார்ந்து மாதங்களை விரல் விட்டு எண்ணினேன். புரட்டாசி, ஐப்பசி. எத்தனை முறை எண்ணினாலும் அதேதான் வந்தது. அந்த ஜாக்கெட் தைக்கப்பட்டபோது அக்கா உயிரோடு இருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு, பேசிக்கொண்டு இருந்தாள். அப்போதே அவள் பேரில், என் அளவில், ஒரு ஜாக்கெட்.

அந்த இரண்டு மாதமும் நான் அவளைப் பார்க்கப் போகவில்லை. குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதனால் நான் வீட்டில். ஆஸ்பத்திரியில் அம்மா. அம்மாவிடம் இருந்தது பட்டன் போன், குரல் மட்டும்தான் வரும். அக்காவிடம் போனைக் கொடுத்தால் "பாப்பா சாப்ட்டுச்சா" என்று கேட்பாள், அதற்குள் இருமல் வந்துவிடும். அவளைக் கொண்டுவந்தபோது முழுக்கச் சுற்றியிருந்தார்கள். மாலைகளுக்கு நடுவே முகம் மட்டும் தெரிந்தது. முகம் வீங்கி, பழையபடி உருண்டையாகத்தான் இருந்தது.

கோமுகி அணை பின்னால் போய் பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கியது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. பெரியவள் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்த அன்றைக்கே அம்மா முடிவு செய்துவிட்டாள். ஒருத்தி போனால் இன்னொருத்தி. அவள் வீட்டுக்கு, அவள் புருஷனுக்கு, அவள் குழந்தைக்கு என்னை அளவெடுத்துவிட்டாள். கூடை, பூ, உத்தரவு எல்லாம் பிறகு சேர்ந்துகொண்டவை. அம்மாமேல் எனக்கு வந்தது கோபம் என்று சொன்னால் போதாது. பயமும் அருவருப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜாக்கெட்டைக் கழற்றி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் போல இருந்தது. எறிந்துவிட்டு எதைப் போட்டுக்கொண்டு வேலை கேட்பது?

பஸ்ஸில் நல்ல கூட்டம். கறவை மாட்டுக்குத் தீவன மூட்டை, கோழிக்கூடை, ரேஷன் பை என்று வழியெல்லாம் சாமான். நிற்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தார்கள். ஆனால் என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. முதலில் நான் கவனிக்கவில்லை. மூன்றாவது வளைவில் ஒரு மலைக்காரப் பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். என் பக்கத்தில் வந்து, "ஆளு கீதா?" என்று கேட்டாள்.

"இல்ல, உக்காருங்க" என்று தள்ளி உட்கார்ந்தேன்.

அவள் இடத்தைப் பார்த்தாள். என் புடவையைப் பார்த்தாள். மூக்கை லேசாகச் சுருக்கினாள். "பரவால்ல, நீங்க உக்காருங்க" என்று சொல்லி, குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றாள். கற்பூரமும் காய்ந்த பூவும் மணக்கிற புடவையை எந்த ஊரிலும் பெண்களுக்குத் தெரியும். அவள் சொன்ன 'நீங்க' எனக்குத்தானா என்பது மட்டும் அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. வெள்ளிமலை வரைக்கும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. நானும் என் பையைத் தூக்கி அங்கே வைக்கவில்லை.

மேலே மூட்டமாக இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தேன். இரண்டு பக்கமும் சாமை விதைப்பதற்கு உழுது போட்ட நிலம். என் செருப்புச் சத்தத்துக்கு ஒரு அடி பின்னால் கொசுவம் சரசரத்துக்கொண்டே வந்தது. புடவை கட்டிப் பழக்கமில்லாதவளுக்கு அப்படித்தான் கேட்கும். இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். மூவரும் மடிப்புக் கலையாமல், கழுத்தில் மெல்லிய சங்கிலியோடு, கையில் ஃபைலோடு. அவர்களும் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, போட்டி என்று ஏற்றுக்கொண்ட மாதிரி ஒதுங்கி இடம் விட்டார்கள். புடவை தன் வேலையைச் செய்தது என்று அப்போதே தெரிந்தது.

உள்ளே தாளாளர் அம்மாவும் தலைமையாசிரியரும் இருந்தார்கள். தலைமையாசிரியர் பலகையில் ஒரு கணக்கைப் போடச் சொன்னார். நடுவில் ஒரு படி தப்பி, அழித்துவிட்டு மறுபடி போட்டேன். தாளாளர் அம்மா அதைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வர்ற டீச்சருங்க ஆறு மாசம் தாங்கறதில்லம்மா. குளிரு, தனிமை. அப்புறம் கல்யாணம்னு கீழ எறங்கிடறாங்க. பாதி வருஷத்துல புள்ளைங்கள வுட்டுட்டுப் போயிடறாங்க. நீங்க மட்டும் எப்படி இருப்பீங்க?"

இந்தக் கேள்விக்கு நான் வீட்டில் ஒரு நல்ல பதில் தயார் செய்து வைத்திருந்தேன். மலைப் பிள்ளைகளின் கல்வி, சேவை என்றெல்லாம். வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"எனக்குக் கீழ வூடு இல்லைங்க" என்றேன்.

"அப்பா அம்மா?"

"இருக்காங்க. அவங்களுக்கு வேண்டியது நான் இல்லைங்க. எங்கம்மாவுக்கு நான் ஒரு அளவு. அவ்வளவுதான். அங்க திரும்பிப் போற எண்ணம் எனக்கு இல்லைங்க."

குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அப்படி யாரிடமும் நான் பேசியதில்லை. வேறு யாரோ நிதானமாகப் பேச, நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. தலைமையாசிரியர் தன் பேனாவை மூடினார்.

ஒரு மணிக்கு என்னை மட்டும் மறுபடி கூப்பிட்டார்கள். "திங்கக்கிழமையே வந்துடறீங்களா?" என்றார் தாளாளர் அம்மா. "ஒங்க கணக்கு சுமார்தான். மத்தவங்க நல்லாவே பண்ணாங்க. ஆனா கீழ வூடு இல்லன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான்." நான் கையெழுத்துப் போட்டேன். சந்தோஷம் வரவில்லை. தப்பித்துவிட்டேன் என்ற எண்ணம்தான் வந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது நாலு மணி இருக்கும். அப்பா வயலில் இருந்தார். குழந்தை கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். "கெடச்சுடுச்சு. திங்கக்கெழம போறேன்."

அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்ததைப் பார்த்தேன். அதை நான் நம்பவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினேன்.

"இந்த ஜாக்கெட்ட எப்ப தெய்க்கக் குடுத்த?"

"புரட்டாசில."

"அக்கா அப்ப உசுரோட இருந்தா."

"ம்."

"அவ பேர்ல என் அளவுல எதுக்கும்மா குடுத்த? அவ சாகறதுக்குள்ளயே என்ன அந்த எடத்துல கொண்டுபோய் வெச்சுட்டியா? ஒரு பொண்ணு கெடந்து துடிச்சுக்கினு இருக்கா, நீ இன்னொருத்திக்குத் துணி தெச்சியா?"

அம்மாவின் கையில் கீரைத்தண்டு அப்படியே நின்றது. நான் சொன்னதில் பாதி அவளுக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சேர்த்துப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"எளச்சுப் போயிட்டாடி."

"யாரு?"

"பெரியவதான். நீ பாக்கல. ஒன்ன மாதிரி ஆயிட்டா. அவ ஜாக்கெட்டெல்லாம் தோள்லயே நிக்கல, நழுவி நழுவி வுழுந்துச்சு. ஒரு நாளு டாக்டரு, தேறிக்கினு வருது, பத்து நாள்ல வூட்டுக்குப் போயிடலாம்னாரு. அப்ப அவதான் சொன்னா. வூட்டுக்குப் போறப்ப கட்டிக்கினு போவ ஒரு பச்சப் பொடவ எடும்மா, ஜாக்கெட்டு சின்னவ அளவுல தெச்சுக்கினு வாம்மா, அதான் எனக்கு சரியா இருக்கும்னா. தொளதொளன்னு போட்டுக்கினு எறங்குனா ஊரே பாத்து உச்சு கொட்டும்னா." அம்மா கீரையைக் கீழே வைத்தாள். "ஒங்கிட்ட சொல்லாதன்னா. எளச்சுட்டேன்னு தெரிஞ்சா சின்னவ பயந்துக்கும்னா."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இடுப்பில் ஒரு விரல் இடம் விட்டுத் தைத்திருந்த பட்டி வயிற்றில் அழுத்தியது. அக்கா என் அளவுக்கு வந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்த அதே நிமிஷத்தில், அவள் அந்த ஜாக்கெட்டை ஒருநாள்கூடப் போடவில்லை என்பதும் சேர்ந்து தெரிந்தது. அழக்கூட வரவில்லை. நான் மலைமேல் போய் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று மட்டும் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

"போவுது வுடு" என்று அம்மா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள். என் பக்கம் நகர்ந்து வந்து, புடவை மடிப்பைக் கையால் நீவிவிட்டாள். "இன்னா கேட்டாங்க? நீ இன்னா சொன்ன? எதப் பாத்து எடுத்தாங்களாம் ஒன்ன?"

நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "பொடவ நல்லா இருக்குதுன்னாங்கம்மா" என்றேன்.

அம்மா எழுந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். காலையில் வெறுமையாக மறுபடியும் கட்டித் தொங்கவிட்டிருந்த கூடைக்குக் கீழே நின்று, அண்ணாந்து, சந்தோஷமான குரலில் சொன்னாள்.

"கேட்டியாடி பெரியவளே? ஒம் பொடவ நல்லா இருக்குதுன்னாங்களாம்."

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நான் மலைக்குப் போனேன். அங்கே அன்றைக்கு உண்மையில் என்ன சொன்னேன் என்பதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.